அந்த இரண்டு மட்டமும் சேரும் நொடி!

"யாரும் மேசையில சாயாதீங்க!"

மேடம் சொன்னதும் எட்டு மாணவர்களும் நானும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் போனோம். எல்லார் கண்ணும் ஒரே இடத்தில். தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கியிருக்கும் சின்னஞ்சிறு 'யு' வடிவக் கண்ணாடிக் குழாய். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அதன் இரண்டு கைகளிலும் அசிட்டோன். உள்பக்கக் கையில் திரவம் தாழ்ந்திருக்கிறது, வெளிப்பக்கக் கையில் உயர்ந்திருக்கிறது. ஒரு மாணவன் கண்ணாடித் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புகிறான். வெளிப்பக்கத்துத் திரவம் இறங்குகிறது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். யாரும் மூச்சு விடவில்லை!

எதற்காக இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று கேட்கிறீர்களா? ஒரு திரவம் சும்மா இருக்கும்போது எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று பார்க்கத்தான். ஆவி அழுத்தம் என்று பதினோராம் வகுப்பில் படித்திருப்பீர்கள், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்கள். நானும் மறந்தவள்தான். என்னை இந்த அறைக்கு இழுத்து வந்தது ஓர் ஆரணிப் பட்டு.

அம்மாவின் பட்டு அது. அரக்குச் சிவப்பு, மெல்லிய கரை. வந்தவாசியில் எங்கள் வீட்டு பீரோவில் போன தைப்பொங்கலுக்கு மடித்து வைத்தபோது, துணியில் முடிந்து ஆறு அந்துருண்டைகள் போட்டேன். ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக எடுத்தால், முடிச்சுக்குள் மிளகளவில் இரண்டு துணுக்குகள் மட்டும் இருக்கின்றன. உருகிய கறை இல்லை, ஈரம் இல்லை, பொடி இல்லை. வாசனை மட்டும் பீரோ முழுக்க! அந்த ஆறு உருண்டைகளும் எங்கே போயின? எவ்வளவு வேகத்தில் போயின? அளக்க முடியுமா? எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லித்தரும் மேடத்திடம் கேட்டேன். பெயர் போடக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. "சனிக்கிழமை காலையில வாங்க. உங்க உருண்டையைக் கடைசியில பாக்கலாம். முதல்ல அசிட்டோன். அது கண்ணுக்குத் தெரியிற மாதிரி தள்ளும்" என்றார்.

சனிக்கிழமை எட்டரைக்கே போய் நின்றுவிட்டேன்!

ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் முதலில் வரவேற்பது வாசனை. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனைதான், பத்து மடங்கு. "ஸ்டவ், தீப்பெட்டி எதுவும் இந்த ரூமுக்குள்ள வராதும்மா. போனைக்கூட அந்த டேபிள்ல வச்சிடுங்க" என்றார் ஆய்வக உதவியாளர். முப்பது ஆண்டுகளாக இந்த அறையைத் துடைத்துப் பூட்டுகிறவர். அசிட்டோன் ஆவி காற்றை விட இரண்டு மடங்கு கனம். மேசையில் சிந்தினால் தரையோடு ஊர்ந்து போய் எங்கேயோ இருக்கும் தீயைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். அதனால் இங்கே சூடாக்குவதெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் மின்கம்பிதான். பன்சன் அடுப்பின் ரப்பர்க் குழாயைக் கழற்றிச் சுருட்டி அலமாரி மேலேயே வைத்துவிட்டார்கள்.

இனி கதாநாயகனைப் பாருங்கள். பெயர் ஐசோடெனிஸ்கோப். 1910-இல் அலெக்சாண்டர் ஸ்மித்தும் ஆலன் மென்சீஸும் உருவாக்கியது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் வடிவம் மாறவில்லை, ஏனென்றால் மாற்ற ஒன்றுமே இல்லை! அடியில் எலுமிச்சை அளவு ஒரு கண்ணாடிக் குமிழ். அதிலிருந்து புறப்படும் குழாய் வளைந்து அந்தக் குட்டி 'யு' ஆகிறது, பிறகு மேலே ஏறி வெளியே போகிறது. குமிழிலும் 'யு'விலும் ஒரே திரவம். அவ்வளவுதான் கருவி. ஆனால் அதைச் சுற்றி ஒரு பெரிய குடும்பமே நிற்கிறது. தண்ணீர்த் தொட்டி, அதில் ஓயாமல் சுழலும் கலக்கி, பத்தில் ஒரு பங்கு டிகிரி காட்டும் வெப்பமானி, அழுத்தம் குலுங்காமல் இருக்கப் பத்து லிட்டர் கண்ணாடி ஜாடி, வாக்குவம் பம்ப், ஓர் ஆள் உயரத்துக்குப் பாதரச மானோமீட்டர், அதன் கீழே பாதரசம் சிந்தினால் பிடிக்க ஒரு பெரிய தட்டு. சுவரில் ஃபோர்ட்டின் பாரோமீட்டர். எல்லாவற்றையும் இணைக்கும் கனத்த சிவப்பு ரப்பர்க் குழாய்கள். ஒவ்வொரு மூட்டிலும் வாக்குவம் கிரீஸ்.

அந்த கிரீஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு மாணவி அதை விரல் நுனியில் எடுத்து, கண்ணாடித் திருகில் இரண்டே இரண்டு கோடு இழுத்து, உள்ளே செருகிச் சுழற்றினாள். மங்கலாக இருந்த தேய்கண்ணாடி சட்டென்று பளிங்குபோல் தெளிந்தது. "தெளிஞ்சா சரி அக்கா. எங்கயாவது ஒரு வரி வெள்ளையா தெரிஞ்சா அங்க லீக்" என்றாள். ஒரு வெள்ளை வரி! அதில் நுழையும் காற்று போதும், ஒரு நாள் உழைப்பைக் கெடுக்க.

ஏனென்றால் இந்த அளவையின் முழுப் பாடும் காற்றோடுதான். குமிழுக்குள் அசிட்டோன் ஆவி மட்டும் இருந்தால்தான் நாம் அளப்பது அசிட்டோனின் தள்ளல். கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தாலும் அதுவும் சேர்ந்து தள்ளும், கணக்கு கூடிப்போகும். அந்தக் காற்று திரவத்துக்குள்ளேயே கரைந்தும் கிடக்கும். எப்படி விரட்டுவது? அசிட்டோனையே கொதிக்க வைத்து, அதன் ஆவியாலேயே காற்றைத் துரத்துவது!

பம்பைப் போட்டார் மேடம். தொட்டித் தண்ணீர் 30 டிகிரி. கை வைத்தால் வெதுவெதுப்புகூட இல்லை. ஆனால் ஒரு நிமிடத்தில் குமிழுக்குள் அசிட்டோன் கொதிக்க ஆரம்பித்துவிட்டது! அடியிலிருந்து மணி மணியாகக் கொப்புளம் கிளம்பி, 'யு' குழாயின் திரவத்தைக் 'குளுக் குளுக்' என்று தாண்டி வெளியே போகிறது. நான் கை தட்டியே விட்டேன். மாணவர்கள் சிரித்தார்கள். "தண்ணியே கொதிக்கும் பாருங்க" என்று ஒருவன் பக்கத்து மேசையில் தடித்த குடுவை ஒன்றில் பாதி குழாய்த் தண்ணீர் பிடித்து எண்ணெய் பம்போடு இணைத்தான். சற்று நேரத்தில் அதுவும் தளதளவென்று கொதித்தது. குடுவையைத் தொட்டேன். ஜில்லென்று இருக்கிறது! கொதிக்கிற தண்ணீர் ஜில்லென்று இருப்பதை என் விரல் நம்ப மறுத்தது.

மேடம் அப்போதுதான் விளக்கினார். கொதிப்பது என்றால் என்ன? திரவத்தின் சொந்தத் தள்ளலும் வெளியே அதை அமுக்கும் அழுத்தமும் சமமாவது. 100 டிகிரியில் தண்ணீரின் தள்ளல் 760 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது கடல்மட்டத்துக் காற்றின் எடைக்குச் சமம். 30 டிகிரியில் அது 32 மில்லிமீட்டர்தான். வெளி அழுத்தத்தை அந்த 32-க்கு இறக்கிவிட்டால், 30 டிகிரியிலேயே கொதித்தாக வேண்டும். நீர்க்குழாயில் மாட்டும் சாதாரண உறிஞ்சியைக் கொண்டு இதைச் செய்ய முடியாது என்பது இன்னும் அழகு. அந்த உறிஞ்சிக்குள் ஓடுவதும் தண்ணீர்தானே! அந்தத் தண்ணீரே 32 மில்லிமீட்டருக்கு ஆவி விடும், அதற்குக் கீழே இறங்க விடாது. ஒரு கருவியின் எல்லையை அதற்குள் ஓடும் தண்ணீரே போடுகிறது என்று கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது.

'சொந்தத் தள்ளல்' என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். எங்கிருந்து வருகிறது அது? மூடிய புட்டிக்குள் திரவத்தின் மேல்தளத்திலிருந்து மூலக்கூறுகள் எகிறிக்கொண்டே இருக்கின்றன. எகிறியவற்றில் சில திரும்ப விழுகின்றன. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு எழுகிறவர்களும் புதிதாக உட்காருகிறவர்களும் ஒரே வேகத்தில் இருந்தால், வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்குப் பந்தி எப்போதும் ஒரே மாதிரி நிறைந்திருக்கும். உள்ளே ஆள் மாறிக்கொண்டே இருப்பது தெரியாது. புட்டிக்குள்ளும் அதேதான். போவதும் வருவதும் சமமான அந்த நிலையில், மேலே திரண்டு நிற்கும் ஆவி சுவரைத் தள்ளும் தள்ளலே ஆவி அழுத்தம். புட்டி பெரிதா சிறிதா, திரவம் பாதியா கால்வாசியா, அதற்குக் கவலையில்லை. ஒரு சொட்டாவது மிச்சம் இருக்க வேண்டும், சூடு மாறாமல் இருக்க வேண்டும். எண் மாறாது!

உங்கள் சமையலறையில் இதற்குச் சாட்சி நிற்கிறது. 14.2 கிலோ எரிவாயு சிலிண்டரில் முதல் நாளும் இருபதாம் நாளும் அடுப்பு ஒரே மாதிரி எரிகிறதே, ஏன்? உள்ளே இருப்பது திரவம். அடுப்புக்குப் போகும் ஆவிக்கு ஈடாகத் திரவம் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. கடைசித் திரவம் தீரும் வரைக்கும் அழுத்தம் ஏறக்குறைய அதே ஆவி அழுத்தம்தான். அதனால்தான் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியாமல் தூக்கிப் பார்க்கிறோம்!

சரி, 'யு' குழாய்க்குத் திரும்புவோம். மூன்று நிமிடம் கொதிக்கவிட்டுப் பம்பை அடைத்தார்கள். இப்போது குமிழுக்குள் அசிட்டோன் ஆவி, 'யு'வுக்கு வெளியே அந்த ஆவியின் தள்ளலை விடச் சற்றே குறைந்த அழுத்தத்தில் காற்று. உள்ளிருந்து வரும் தள்ளல் அதிகம், அதனால் வெளிப்பக்கத் திரவம் உயர்ந்து நிற்கிறது. இனி வெளியிலிருந்து காற்றைத் துளித்துளியாக உள்ளே விட்டு, இரண்டு மட்டத்தையும் சமமாக்க வேண்டும். சமமானால் உள்தள்ளலும் வெளித்தள்ளலும் ஒன்று. வெளித்தள்ளலை மானோமீட்டரில் படித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தராசில் வைத்து, இந்தப் பக்கம் தெரிந்த படிக்கல்லைப் போடுகிற வேலைதான்.

மயிரிழை. மயிரிழை. மட்டங்கள் நெருங்குகின்றன...

'பொளக்!'

"டேய்!" என்று எட்டு குரல்கள். திருகு ஒரு பொட்டு கூடத் திரும்பிவிட்டது. வெளிக்காற்று ஒரு குமிழியாக 'யு'வைத் தாண்டி உள்ளே குதித்துவிட்டது. இத்தனை நேரம் விரட்டிய காற்று மறுபடி வீட்டுக்குள்! அந்தப் பையன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "பரவால்லப்பா. நான் எம்.எஸ்சி.ல ஒரே நாள்ல ஏழு தடவ வுட்டிருக்கேன். போடு, மறுபடி கொதிக்க வை" என்றார் மேடம். எனக்கு அந்த அறையில் மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான். எழுதி வைத்துக்கொண்டேன்.

மறுபடி பம்ப். மறுபடி குளுக் குளுக். மறுபடி மயிரிழை. இந்த முறை அவன் திருகிலிருந்து கையை எடுத்தபோது இரண்டு மட்டமும் ஒரே கோட்டில்! கண்ணை நேராக வைத்து, ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். நான் பார்த்தபோது அந்த இரண்டு வளைந்த மேல்தளங்களும் அசையாமல் ஒன்றுக்கொன்று எதிரே நின்றன. ஒரு பக்கம் அசிட்டோன் தன் பலத்தையெல்லாம் போட்டுத் தள்ளுகிறது, மறுபக்கம் காற்று அதே அளவு தள்ளுகிறது. நடுவில் அரை ஸ்பூன் திரவம் ஆடாமல் நிற்கிறது! ஆரவாரம் போட்டோம்.

ஒரு கை வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும் மானோமீட்டரின் இரு கைகளுக்கும் வித்தியாசம் 462. பாரோமீட்டரில் அன்றைய காற்றழுத்தம் 750. கழித்தால் 288 மில்லிமீட்டர். புத்தகம் சொல்வது 30 டிகிரியில் 285. மூன்றே மில்லிமீட்டர் கூட! நான் குதித்தேன், மேடம் தலையை ஆட்டினார். "கூட வந்திருக்கு பாருங்க. குறைச்சலா வந்தா வேற கதை. கூட வந்தா காத்து இன்னும் உள்ள இருக்கு. இன்னொரு தடவ கொதிக்க வைங்க."

மூன்றாவது முறை 286. நான்காவது முறையும் 286. அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஒத்துப்போகும் வரை திருப்பித் திருப்பிச் செய்வது இங்கே சட்டம். ஒத்துப்போன பிறகுதான் நோட்டில் மையால் எழுதினார்கள்.

ஒரு விஷயம் என்னைக் கவர்ந்தது. உலகத்துப் புத்தகமெல்லாம் 25 டிகிரிக்கு மதிப்பு போடும். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரை 25-க்குக் கொண்டுவர ஐஸ் வாங்கிவந்து போட வேண்டும்! அதனால் இவர்கள் 30-இல் தொடங்கி, ஐந்து ஐந்து டிகிரியாக 50 வரைக்கும் போகிறார்கள். புத்தக மதிப்புகள் 285, 349, 425, 512, 614 என்று ஏறும். சூடு ஒரே படியாக ஏறுகிறது, அழுத்தமோ ஒவ்வொரு படியிலும் முன்னை விடப் பெரிதாகத் தாவுகிறது. 30 டிகிரிக்கு அருகில் பத்தில் ஒரு பங்கு டிகிரி பிசகினாலே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறிவிடும். மின்விசிறியை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அதுவரை வியர்த்துக்கொண்டே யோசித்துக்கொண்டிருந்தேன். புரிந்தது!

பிறகு வரைபடம். அழுத்தத்தையும் சூட்டையும் அப்படியே குறித்தால் கோடு மேல்நோக்கி வளைந்து ஓடுகிறது. அழுத்தத்தின் மடக்கையை எடுத்து, கெல்வின் வெப்பநிலையின் தலைகீழோடு குறித்தால்? அளவுகோல் வைத்த மாதிரி நேர்கோடு! கிளாசியஸ், கிளாபெய்ரான் என்ற இருவரின் பெயரால் வழங்கும் சமன்பாட்டின் வேலை அது. அந்தக் கோட்டின் சரிவிலிருந்து இன்னொரு புதையல் வருகிறது. ஒரு மோல் அசிட்டோனை, அதாவது 58 கிராமை, ஆவியாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது. கணக்கு 31 கிலோஜூல் என்றது. அடுப்பே பற்றவைக்காமல், கண்ணாடிக் குழாயில் மட்டம் பார்த்தே வெப்பத்தை அளந்துவிட்டார்கள்! அசிட்டோன் கையில் பட்டால் ஜில்லென்று இருக்கிறதே, நம் தோலிலிருந்து அது உருவிக்கொண்டு போகும் வெப்பம் இதுதான்.

  இப்படி அளப்பது புதிதல்ல. 1766-இல் இங்கிலாந்தில் பிறந்தவர் ஜான் டால்டன். அணுக் கொள்கைக்காரர். ஆவி அழுத்தத்தை முறையாக அளந்து அட்டவணை போட்ட முன்னோடிகளில் அவரும் ஒருவர். பாரோமீட்டர்க் குழாயின் உச்சியில், பாதரசத்துக்கு மேலே ஒரு துளி தண்ணீரை ஏற்றிவிட்டு, குழாயைச் சுற்றிச் சுடுநீர் ஊற்றி, பாதரசம் எவ்வளவு கீழே தள்ளப்படுகிறது என்று பார்த்தார். 1801-இல் இந்த அளவுகளை மான்செஸ்டரில் வாசித்தார். ஒரு துளித் தண்ணீர் ஒரு பாதரசத் தூணையே கீழே அமுக்குகிறது! இதை எழுதும்போதும் எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

சரி, என் அந்துருண்டை?

"இதுல போட்டா ஒண்ணுமே தெரியாது அக்கா" என்றாள் கிரீஸ் மாணவி. அந்துருண்டை நாஃப்தலீன். 25 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் 0.08 மில்லிமீட்டர்தான். மானோமீட்டரில் ஒரு மில்லிமீட்டரையே கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறோம். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கை எப்படிப் பார்ப்பது? இதற்கு வேறு வழி, இதுவும் எளிமையின் அழகுதான். நாஃப்தலீன் பொடி நிரப்பிய குழாய் வழியாக நைட்ரஜன் வாயுவை மிக மெதுவாக அனுப்புவது. வாயு போகிற வழியில் நாஃப்தலீன் ஆவியைக் கொள்ளுமட்டும் சுமந்துகொண்டு போகும். எத்தனை லிட்டர் வாயு எத்தனை மில்லிகிராம் சுமந்தது என்று எடை போட்டால், அழுத்தம் கணக்கில் வந்துவிடும். 30 டிகிரியில் 10 லிட்டர் வாயு சுமந்து போவது சுமார் 9 மில்லிகிராம். கைப்பிடி அரிசியில் அரை மணி அளவு!

சென்னை லயோலா கல்லூரியிலும் கல்பாக்கத்திலும் ஆய்வாளர்கள் இதே முறையை, இரட்டைக் கை வெப்பத் தராசு ஒன்றையே குழாயாகப் பயன்படுத்தி, உலோகச் சேர்மங்களுக்குச் செய்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். மெல்லிய படலங்கள் பூசும் தொழிலுக்கு, எந்தச் சேர்மம் எந்தச் சூட்டில் எவ்வளவு ஆவி விடும் என்று தெரிந்தாக வேண்டும்.

கல்பாக்கம் என்றதும் மேடத்தின் கண் விரிந்தது. எங்கள் ஊரிலிருந்து மதுராந்தகம் வழியே கிழக்கே போனால் கடலோரத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். அங்கே ஈனுலைகள் எனும் அணு உலைகளில் வெப்பத்தைச் சுமந்து செல்வது திரவ சோடியம். ஏன் தண்ணீர் இல்லை? தண்ணீரை 300 டிகிரியில் திரவமாக வைத்திருக்க, காற்றழுத்தத்தைப் போல 85 மடங்கு அமுக்கிப் பிடிக்க வேண்டும். 374 டிகிரிக்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாக நிற்காது. சோடியமோ 550 டிகிரியில்கூட 10 மில்லிமீட்டர் அளவே தள்ளும். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில் சோடியம் 547 டிகிரியில் வெளிவரும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அத்தனை சூட்டிலும் உலைப் பாத்திரம் உள்ளழுத்தத்தால் வீங்காது. வேகமான நியூட்ரான்களைச் சோடியம் அதிகம் மெதுவாக்குவதில்லை என்பது போன்ற மற்றக் காரணங்களும் உண்டு. ஆனால் ஆவி அழுத்தத்தின் இந்தச் சின்ன எண் இல்லாமல் அந்த வடிவமைப்பே நிற்காது.

அணு எரிபொருளின் ஆவி அழுத்தம் இன்னும் பல்லாயிரம் மடங்கு சிறியது. அதற்கு நூட்சன் முறை. சின்ன மூடிய கிண்ணத்தில் பொருளை வைத்து, மூடியில் ஊசித்துளை இட்டு, வெற்றிடத்தில் சூடாக்கி, துளையிலிருந்து கசிந்து வருவதை எண்ணுவது. 1909-இல் டென்மார்க்கின் மார்ட்டின் நூட்சன் தந்த வழி. இந்த ஊசித்துளைக் கதையில் நம்மூர்க்காரர் ஒருவர் உண்டு! விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். சி.வி. ராமனோடு ஒளிச்சிதறல் ஆய்வில் நின்றவர், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அவரும் எஸ்.சி. ஜெயினும் 1952-இல் கிராஃபைட்டைக் குடைந்து அறையாக்கி, வெற்றிடத்தில் தகிக்க வைத்து, சிறு துளை வழியாக என்ன வெளியே வருகிறது என்று அளந்தார்கள். அவர்கள் அளந்தது எலக்ட்ரான்களை! சூடான பொருளிலிருந்து எலக்ட்ரான்கள் எகிறி உள்ளறையில் ஒரு வாயுவாகத் திரள்வதை, திரவத்தின் மேல் ஆவி திரள்வது போலவே பாவித்து, அதன் அழுத்தத்தைக் கண்டார்கள். புட்டிக்குள் அசிட்டோன், பீரோவுக்குள் அந்துருண்டை, கிராஃபைட்டுக்குள் எலக்ட்ரான், மூன்றுக்கும் ஒரே கணக்கு. மேடம் இதைச் சொன்னபோது மாணவர்கள் யாரும் அசையவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

திரும்பி வரும் வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போட நின்றேன். அங்கேயும் இது! பெட்ரோலின் ஆவி அழுத்தத்துக்கு உலகமெங்கும் வழங்கும் ரீட் சோதனையை 37.8 டிகிரியில் செய்கிறார்கள். பழைய கணக்கில் 100 டிகிரி ஃபாரன்ஹீட். குளிர்நாட்டு ஆய்வகத்தில் அது தொட்டியைச் சூடேற்றி எட்ட வேண்டிய எண். எங்கள் ஊரில் சித்திரை வெயிலில் அது நிழலிலேயே வந்துவிடும். 34.6 டிகிரியில் கொதிக்கும் ஈதரை மே மாதத்தில் இந்த ஆய்வகத்தில் மூடி திறப்பதே கிடையாது என்று உதவியாளர் சொன்னது நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தெரு ஓரத்தில் பச்சைக் கோரையைப் பிளந்து வெயிலில் விரித்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பாய்க்கான கோரை. அதன் ஈரம் போகும் வேகத்தை முடிவு செய்வது, அன்றைய சூட்டில் நீரின் ஆவி அழுத்தமும் காற்றில் ஏற்கெனவே உள்ள ஈரமும்தான். ஆரணியில் குழித்தறியில் உட்காரும் நெசவாளர் ஐப்பசிக் காற்றையும் சித்திரைக் காற்றையும் நூலைத் தொட்டே சொல்லிவிடுவார். பட்டு காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். உலர்ந்த பட்டின் எடையில் 11 சதவிகித ஈரத்தை வணிகத்திலேயே அனுமதித்துக் கணக்குப் போடுகிறார்கள். எடைக்கு விற்கும் சரக்கு அல்லவா!

இப்போது பீரோ. மேடம் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று நாஃப்தலீன் ஆவியால் நிறைவதற்குச் சுமார் 0.9 கிராம் போதும். நிறைந்த பிறகு, பந்தியில் எழுவதும் உட்காருவதும் சமமாகிவிடும், உருண்டை கரைவது நின்றுவிடும். ஆக, பீரோ உண்மையிலேயே காற்றுப் புகாமல் மூடியிருந்தால் ஆறு உருண்டையும் சேர்ந்து ஒரு கிராமுக்கு மேல் இழந்திருக்காது! என் ஆறும் தீர்ந்தன என்றால், ஆவி நிறைய நிறைய வெளியே ஒழுகிக்கொண்டே இருந்தது என்று அர்த்தம். கதவு இடுக்கு வழியாக, நாங்கள் திறந்த ஒவ்வொரு முறையும். வெயிலும் சேர்ந்துகொண்டது. 25 டிகிரியிலிருந்து 40-க்குப் போனால் நாஃப்தலீனின் தள்ளல் நான்கு மடங்காகிவிடும். பாட்டியின் இரும்பு டிரங்குப் பெட்டியில் உருண்டைகள் ஏன் ஆண்டுக்கணக்கில் கிடந்தன என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இறுகிய மூடி!

நீங்களும் செய்து பாருங்கள். இரண்டு அந்துருண்டைகளை நகைக்கடைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் துணியில் முடிந்து பீரோவில் வையுங்கள், சரிகையில் படாமல். இன்னொன்றை அதேபோல் முடிந்து, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். வாரம் ஒரு முறை வெள்ளிக்கிழமை எடை. பக்கத்தில் அன்றைய வெப்பநிலை. கைக்குழந்தை உள்ள வீட்டில் மட்டும் இது வேண்டாம். நாஃப்தலீன் ஆவி சில குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும், அந்த வாசனை ஏறிய துணியையும் குழந்தைக்குப் போர்த்தக் கூடாது. மற்றவர்கள் தை முதல் ஆடி வரை எழுதி வைத்து, ஆடியில் எனக்கு அனுப்புங்கள். நான் சனிக்கிழமை காலை எட்டரைக்கு அந்த நோட்டோடு மேடத்தின் ஆய்வக வாசலில் நிற்பேன்.